நாக்கில் படிந்த வெள்ளை

என் மகளைப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "கொழுகொழுன்னு எவ்ளோ அழகா கீது கொழந்த" என்பதுதான். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கன்னம் உப்பியிருந்தது நோயால். வயிறு முன்னே தள்ளியிருந்தது கல்லீரல் பெருத்ததால். உண்ட சோற்றிலிருந்து உடம்பு சேர்த்துவைக்கும் சர்க்கரையைத் தேவைப்படும்போது வெளியே எடுத்துத் தரும் வழி அவளுக்குப் பிறவியிலேயே அடைபட்டிருந்தது. கல்லீரலில் மூட்டை மூட்டையாக இருப்பு இருக்கும், ரத்தத்தில் போதாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கடந்தால் வேர்த்துக் கொட்டும், கண் செருகும், கை கால் இழுக்கும். முதல் இழுப்பு வந்தபோது அவளுக்கு உட்காரவே சரியாக வராது.

ரத்தத்தைப் பம்பாய்க்கு அனுப்பிச் சோதித்து நோயின் பெயரைச் சொன்ன பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டார். என் கணவர் எனக்குத் தாய்மாமன் மகன். பூனா கட்கியில் எங்கள் ஃபாக்டரி லைன் வீடுகளில் கதவைத் தட்டிக் கேட்டால் பாதி வீட்டில் இதே பதில்தான் வரும். "அவங்க பிள்ளைகள் எல்லாம் நல்லாத்தானே ஸ்கூலுக்குப் போகுது?" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். எல்லோருக்கும் வராது, உங்கள் இரண்டு பேரிடமும் ஒரே குறை ஒளிந்திருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காதது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அந்த நோய்க்கு மருந்து என்பது பச்சை மக்காச்சோள மாவு. வேகவைக்கக் கூடாது, வறுக்கக் கூடாது. ஆறிய தண்ணீரில் கரைத்து அப்படியே குடிக்க வேண்டும். பச்சை மாவு வயிற்றில் மெதுவாகக் கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும். பகலென்றும் இரவென்றும் இல்லை, நாலு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர். பால், பழம், தேன், சர்க்கரை எதுவும் ஆகாது. ஒரு வேளை மாவு தவறினால் இழுப்பு. அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். உடம்புக்குக் காவல் நிற்கும் வெள்ளை அணுக்கள் இவளுக்கு ரொம்பவும் குறைவு, இருக்கிறதும் ஒழுங்காக வேலை செய்யாது, மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமி இவளைச் சாய்த்துவிடும் என்று. அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஆனால் என் பயமெல்லாம் மாவின் மேல்தான் இருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிற பயம் மற்ற பயங்களுக்கு இடம் வைப்பதில்லை.

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அவர் கணவரும் என் கணவரும் ஒரே வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை. பச்சை மாவைப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொண்டார். "மாட்டுக்குக் கூட புண்ணாக்க ஊற வெச்சித் தான் வெக்கறோம். நீ இன்னாடி கொழந்தைக்குப் பச்ச மாவ ஊத்தறே?" என்றார். பிறகு அவரும் பழகிவிட்டார். நான் ரேஷன் வரிசையில் நின்றால் நேரம் பார்த்து மாவு கரைத்துக் கொடுப்பது அவர்தான்.

மாவு குடிக்கிற பிள்ளையின் நாக்கு எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும். இதை இந்த நோய் உள்ள வீட்டுக்காரர்கள்தான் புரிந்துகொள்வார்கள். ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைப்பேன், கொப்பளிக்கச் சொல்வேன், மறுபடி மாவு, மறுபடி வெள்ளை. மற்ற அம்மாக்கள் பிள்ளையின் தலை கலைந்திருப்பதைப் பார்ப்பதுபோல எனக்கு அந்த வெள்ளை. கண்ணில் படும், மனதில் நிற்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலம். அவளுக்கு ஆறு வயது. காதில் சீழ் வந்தது. பஜார் டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார், நிற்கவில்லை என்று இன்னும் வலுவாக ஒன்று கொடுத்தார். காது சரியாயிற்று. அதற்கப்புறம் நாக்கின் வெள்ளை கொஞ்சம் தடித்த மாதிரி தெரிந்தது. மழையில் மாவு நமுத்துப்போயிருக்கும், கட்டியாகப் படிகிறது என்று நினைத்துப் புது பாக்கெட் வாங்கினேன். டாக்டரிடமும் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, "அரே, யே தோ ஆட்டா ஹை. மாவுதான்மா, நல்லா கொப்பளிக்கச் சொல்லு" என்று சிரித்தார். அண்ணி பார்த்துவிட்டு, சூடு என்றார். மணத்தக்காளிக் கீரை கொடுத்தால் கேட்கும் என்றார். கட்கி மார்க்கெட்டில் மணத்தக்காளிக்கு எங்கே போவது? நாங்கள் மூன்று பேரும் ஒரே வாயைப் பார்த்தோம். மூன்று பேர் கண்ணுக்கும் மாவுதான் தெரிந்தது.

அதற்கப்புறம்தான் அவள் மாவு குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்தாள்.

முதலில் பாதி டம்ளரில் நிறுத்தினாள். பிறகு டம்ளரைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டாள். நான் கொஞ்சினேன், மிரட்டினேன், கதை சொன்னேன். ஒன்றும் நடக்காத நேரத்தில் அவள் அப்பா கைகளைப் பிடித்துக்கொள்ள, நான் வாயைத் திறந்து ஊற்றினேன். பிள்ளை வீறிட்டாள். "எரியுதும்மா, உள்ள எரியுதும்மா" என்று நெஞ்சைக் காட்டினாள். மாவு எப்படி எரியும்? சாக்கு சொல்கிறாள் என்றார் இவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஊற்றாமல் விட்டால் இழுப்பு வரும் என்று தெரிந்தவள் வேறு எதை யோசிப்பாள்?

அப்புறம், பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்களின் பால்கி, அந்தப் பல்லக்கு ஊர்வலம், பூனா வரும் நாள் வந்தது. இவர் காலை ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். விடியற்காலையில் இரண்டு மிடறு மாவு இறங்கியதோடு சரி, அதற்குமேல் ஒரு சொட்டு கூட உள்ளே விடவில்லை. குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக உதட்டில் வைத்தேன். அதையும் பாதி வழியவிட்டாள். குளுக்கோஸ் ஏறும் வேகத்தில் இறங்கிவிடும், அதை நம்பி நேரம் ஓட்ட முடியாது. சர்க்கரை பார்க்கும் மெஷின் எல்லாம் அப்போது எங்கள் வீட்டில் இல்லை. என் கைதான் மெஷின். அவள் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து நனைந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

"ஆ காட்டு, நாக்கத் துடைச்சி வுடறேன், அப்பறம் ஒரே ஒரு வாய்" என்று விரலில் துணியைச் சுற்றினேன். அவள் வாயைத் திறந்தாள். நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாம் வெள்ளை. மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியில் பூத்திருக்குமே, அந்த மாதிரி.

என் கை அப்படியே நின்றுவிட்டது. விடிந்ததிலிருந்து மாவே உள்ளே போகவில்லை. இரண்டு முறை கொப்பளிக்க வைத்திருந்தேன். அப்படியானால் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

துணியால் மெதுவாகத் தேய்த்தேன். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். ஒரு துணுக்கு உரிந்து வந்தது, அதற்கு அடியில் ரத்தம் கசிந்தது. பிள்ளை கத்தவில்லை. கத்தத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. இத்தனை நாளாக இந்தப் புண் மேல்தானே பிடித்துவைத்து ஊற்றினோம்! பின்கழுத்தைத் தொட்டேன். நனைந்திருந்தது.

அண்ணியைக் கூப்பிட்ட சத்தத்தில் லைன் முழுக்கக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பையனை ஃபாக்டரி கேட்டுக்கு ஓடவிட்டு, இவருக்குத் தகவல் சொல்லச் சொன்னோம். உள்ளே வேலையில் இருப்பவரை வெளியே வரவழைப்பது லேசில்லை, அதனால் காத்திருக்கவில்லை. ஆட்டோவில் ஏறினோம். மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. மும்பை ரோட்டை நெருங்கியதும் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளைத் தொப்பியும் காவிக் கொடியும் தாளச் சத்தமும். "சுற்றிப் போங்க" என்று கத்தினேன். "எங்கம்மா சுத்தறது? அந்தப் பக்கம் போனா விஷ்ராந்த்வாடில ஆளந்திலேர்ந்து வர்ற இன்னொரு பால்கி. ரெண்டு பக்கமும் பந்த்" என்றார் ஹிந்தியில். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. மடியில் பிள்ளைக்குக் கண் சொருக ஆரம்பித்திருந்தது.

குளுக்கோஸ் பொடியை விரலில் தொட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தடவினேன். புண்ணில் பட்டுத் துடித்தாள். "வலிக்காது செல்லம், வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே தடவினேன். வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

இறங்கி நடந்தோம். பிள்ளை என் தோளில். ஆறு வயதுப் பிள்ளை தோளில் துவண்டு கிடந்தால் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். அண்ணி முன்னால் போய்க் கயிற்றைத் தூக்கினார். போலீஸ்காரர் ஏதோ சொன்னார். கட்கியிலேயே பிறந்து வளர்ந்த அண்ணிக்கு மராட்டி தண்ணீர் பட்ட பாடு. "பாஜூலா வ்ஹா! லேக்ரூ ஆஜாரி ஆஹே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தாளமே ஒரு கணம் தடுமாறியது. ஒதுங்குங்கள், பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை. தலையில் துளசி மாடம் சுமந்து நடந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று வழி விட்டார்கள். ஒரு வயதான அம்மா ஓடிவந்து தன் பிளாஸ்டிக் ஷீட்டைப் பிள்ளை மேல் போர்த்தினார். அந்தப் பக்கம் வேறு ஆட்டோ பிடித்து ஏறும்போது பிள்ளையின் இடது கை தானாகத் துடிக்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்கவில்லை. கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள். கடைசியில் பாதத்தில் ஒன்று கிடைத்துக் குளுக்கோஸ் ஏறியதும், சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நான் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நோய்க்குப் பெயர் சொன்ன அதே டாக்டரம்மா வந்து, மரக்குச்சியால் நாக்கைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், "இது மாவு இல்லை. பூஞ்சை" என்றார்.

எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருக்கிற பூஞ்சைதானாம். காவல் குறைந்த உடம்பு இவளுடையது. காதுக்குக் கொடுத்த மருந்து, வாயிலிருந்த மற்றக் கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட, காலியான இடத்தையெல்லாம் பூஞ்சை பிடித்துக்கொண்டுவிட்டது. உணவுக்குழாய் முழுக்க இறங்கியிருக்கும், அதனால்தான் நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள் என்றார். அப்புறம் எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று நிறுத்திச் சொன்னார். "பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது. ஆனால் அது வேலை செய்கிற வரைக்கும் இவளால் மாவு குடிக்க முடியாது. மாவு குடிக்காவிட்டால் ட்ரிப்பை விட்டால் வேறு வழியில்லை. ட்ரிப் நிற்கக் கூடாது."

ட்ரிப் நிற்கக் கூடாது. அப்புறம் எனக்கு வேறு எதுவும் வேலை இல்லை. பாட்டிலைப் பார்ப்பேன், சொட்டைப் பார்ப்பேன், ஊசி குத்திய இடம் வீங்குகிறதா என்று பார்ப்பேன். வீங்கினால் நரம்பு போயிற்று என்று அர்த்தம், அடுத்த நரம்பைத் தேட வேண்டும். தேடுகிற நேரமெல்லாம் அவள் சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் கொடுத்த மருந்துக்குப் பூஞ்சை அடங்கவில்லை. அடுத்ததாக மஞ்சளாக ஒரு மருந்தை, வெளிச்சம் படாமல் பாட்டிலில் காகிதம் சுற்றி ஏற்றினார்கள். அது ஏறத் தொடங்கினாலே பிள்ளைக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும். இவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் போர்வையோடு அவளைப் பிடித்துக்கொள்வோம். "இன்னும் கொஞ்ச நேரம், பேட்டா" என்பார் இவர். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. சிரித்த பஜார் டாக்டர் மேல், கீரை கொடுக்கச் சொன்ன அண்ணி மேல், துடைத்துத் துடைத்துத் தேய்ந்த என் விரல் மேல். யார் மேல் பழியைப் போட்டும் பிள்ளையின் நடுக்கம் நிற்கவில்லை.

மஞ்சள் மருந்து வேலை செய்தது. ஒரு காலையில் நாக்கின் ஓரம் ரோஜா நிறமாகத் தெரிந்தது. பிறகு நடுவிலும் தெரிந்தது. புண் ஆறி வருகிறது, இனி மாவு குடிக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. தண்ணீரை மட்டும் துளித்துளியாகக் குடித்தாள். டம்ளரில் வெள்ளையைக் கண்டால் தலையைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள். வலி போயிருக்கலாம், அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நாங்கள் பிடித்துவைத்து ஊற்றியதையெல்லாம் அவள் உடம்பு மறக்குமா?

அன்று சாயங்காலம் கடைசி நரம்பும் வீங்கிவிட்டது.

இரண்டு கையிலும் இரண்டு காலிலும் இனிக் குத்த இடம் இல்லை என்றார் நர்ஸ். டாக்டரம்மா வந்து பார்த்தார். "மூக்கு வழியாகக் குழாய் போடலாம். ஆனால் உள்ளே இன்னும் ரணம் முழுசாக ஆறவில்லை. உரசினால் ரத்தம் வரும், அந்த ரத்தத்தில் பூஞ்சை கலந்தால் பிறகு நம் கையில் இல்லை. குடிக்க வையுங்கள். அதற்குள் குழாயைத் தயார் பண்ணச் சொல்கிறேன்" என்றார். இவர் கதவோரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மாவைக் கரைத்தேன். பாதி மேஜை மேல் கொட்டியது. மறுபடியும் கரைத்தேன்.

"குடிச்சிடும்மா. ஒரே ஒரு டம்ளர்."

"வேணாம்."

"இப்ப வலிக்காதுடி."

"நீ பொய் சொல்றே. ஆட்டோலயும் வலிக்காதுன்னே. வலிச்சுது." தலையணையிலிருந்து முகத்தை எடுத்து என்னை நேராகப் பார்த்தாள். "மொதல்ல நீ குடி."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது, இவள் என்னடாவென்றால் விளையாடுகிறாள் என்று. அப்புறம்தான் அவள் விளையாடவில்லை என்று புரிந்தது. டம்ளரை எடுத்து வாயில் வைத்தேன்.

மணலைக் கரைத்துக் குடிப்பது போல் இருந்தது. உப்பில்லை, இனிப்பில்லை, வாசனையில்லை. அண்ணத்தில் ஒட்டியது, தொண்டையை அடைத்தது, விழுங்கினால் இறங்க மறுத்தது. குமட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாக எத்தனை டம்ளர் கரைத்திருப்பேன்! உப்புப் பார்க்காமல் ஒரு நாள் குழம்பை இறக்காதவள் நான். இதை ஒரு தரம்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. புண் இல்லாத வாயிலேயே இப்படியென்றால், ரத்தம் கசிகிற வாயில் இது எப்படி இறங்கியிருக்கும்? என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பக் குனிந்தேன்.

"துப்பாதம்மா" என்றாள் பிள்ளை. எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. "மூச்ச வுடாத. கண்ண மூடிக்கோ. மடக்கு மடக்குன்னு முழுங்கிடு, நடுவுல நிறுத்தாத. நிறுத்தனா அப்பால வராது."

நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் கையை நீட்டினாள்.

"குடு."

வேறு டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். நர்ஸ் குழாயும் தட்டுமாக உள்ளே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். முதல் மிடறில் முகம் கோணியது. என் விரலை எலும்பு நோகும்படி பிடித்துக்கொண்டாள். நிறுத்தவில்லை. மடக்கு மடக்கென்று அடி வரைக்கும் குடித்து, காலி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வலிச்சுதாடி?"

"கொஞ்சம்" என்றாள். பிறகு கேட்டாள், "அடுத்தது எத்தினி மணிக்கு?"

இவர் கதவோரம் திரும்பி நின்று முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையில் நேரம் கணக்குப் போட வரவில்லை. நர்ஸ்தான் சொன்னார், பத்து மணிக்கு என்று.

"சரி, எழுப்பி வுடு" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துக்கொண்டாள்.